ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய்: கடவந்திரா டீக்கடையின் 26 நாடுகள்

அடிக்கடி விமானம் ஏறிவிட்டு வந்து படம் காட்டுகிறவரைப் பற்றி நம் ஊரில் மூன்று விளக்கங்கள் எப்போதும் தயாராக இருக்கும். அப்பா சொத்து, மேல்வரும்படி, இல்லையென்றால் கம்பெனிக் காசு. நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருபது வருடமாகச் சின்னக் கடைகளின் வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மூன்றிலும் அடங்காத ஒரு கேஸ் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. கொச்சி கடவந்திராவில், காந்தி நகரில், ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற டீக்கடையை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும். டீ விற்றே 26 நாடு பார்த்தவர்கள்.

செய்தியாக இது பலருக்கும் தெரிந்ததுதான். பத்திரிகையில் வந்தது, டிவியில் வந்தது, குறும் ஆவணப்படமாகவும் வந்தது, அப்புறம் வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு சேர்ந்து சுற்றியது. எல்லா இடத்திலும் ஒரே வரிதான்: தினம் 300 ரூபாய் சேமித்தார்கள், உலகம் சுற்றினார்கள், மனம் இருந்தால் மார்க்கம் உண்டு. மனம் இருந்தது சரி. நான் பார்க்க நினைத்தது மார்க்கத்தை. 300 ரூபாயை எத்தனையோ டீக்கடைகள் எடுத்து வைக்க முடியும், வைக்கவும் வைக்கின்றன. அந்தக் கடைக்காரர்கள் யாரும் இப்படி நாடு நாடாகப் போகவில்லையே, ஏன்?

நடந்தது

விஜயன் 1963-ல் தெருவில் டீ விற்கத் தொடங்கியவர். கடை என்று ஒன்று அமைந்தது பிற்பாடுதான். ஊர் சுற்றும் ஆசை சிறுவயதிலிருந்தே உண்டு. முதல் வெளிநாட்டுப் பயணம் 2007-ல், இஸ்ரேலுக்கு. அதற்குப் பிறகு எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம், பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர், அமெரிக்கா, பிரேசில், பெரு, அர்ஜென்டினா என்று பட்டியல் நீண்டது. போய்வந்த இடங்களின் படங்களைக் கடைச் சுவரில் மாட்டிவைத்தார்கள். டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அவற்றைப் பார்த்தார்கள்.

2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இவர்களைப் பற்றி எழுதியதும் நாடே திரும்பிப் பார்த்தது. அந்த வருடமே அவர் செலவில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போய்வந்தார்கள். அடுத்து கொரோனா வந்து ஊரை முடக்கியது. முடக்கம் தளர்ந்ததும் 2021 அக்டோபர் கடைசியில் ரஷ்யா. அதுதான் 26-வது நாடு. திரும்பி வந்து ஒரு மாதம் ஆகவில்லை, நவம்பர் 19 அன்று விஜயன் மாரடைப்பில் காலமானார். எழுபதைக் கடந்த வயது.

நிதி ஏற்பாட்டை அவர்களே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு ஒரு நாளைக்கு 300 முதல் 350 பேர் வருவார்கள். வருமானத்தில் 300 ரூபாயைப் பயணத்துக்கென்று தனியாக எடுத்து வைப்பார்கள். அது போதாது என்பதால் வங்கிக் கடன். கடனை வாங்கிப் போய்வருவது, வந்து மூன்று வருடம் அடைப்பது, அடைத்ததும் அடுத்த கடன். கடையில் வேலைக்கு ஆள் கிடையாது. எல்லா வேலையும் அவர்கள் இரண்டு பேரும்தான்.

கடைசியாகச் சொன்ன அந்த விஷயத்தைச் செய்திகள் ஓரமாகத்தான் போட்டன. என் கணக்கில் கேஸே அங்கேதான் இருக்கிறது.

அந்த 300 எங்கிருந்து வந்தது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 300 பேர் வருகிற கடையில் 300 ரூபாய் எடுத்து வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு ரூபாய். கடவந்திராவில் டீ குடித்த ஒவ்வொருவரும் தெரியாமலேயே ஒரு ரூபாய் டிக்கெட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று இதைச் சொல்லிக்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் டீ விற்கிற விலையில் அந்த ஒரு ரூபாய் சும்மா வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு டீக்கடை உண்டு என்பதால் எனக்கு இது கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும்.

வத்தலக்குண்டில் என் சித்தப்பா கடை. பேருந்து நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடை. விடிகாலை மூன்றரைக்குப் பாய்லரைப் பற்றவைப்பார். நாலே காலுக்குப் பால்காரர் கேனோடு வந்துவிடுவார். அஞ்சு மணிக்கு மார்க்கெட்டுக்குப் போகிற லோடுமேன்கள், ஆறரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள், எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் டிரைவர்கள். பத்து மணிக்கு வடை போட ஆரம்பித்தால் மதியம் வரை சட்டியை இறக்க முடியாது. விலைவாசி சுமாராக இருந்த ஒரு வருடத்தின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு முன்னூற்றுச் சொச்சம் ஆள். பால், தூள், சர்க்கரை, எண்ணெய், பருப்பு, சிலிண்டர், வாடகை, கரண்ட் எல்லாம் போகக் கல்லாவில் நின்றது சராசரியாக 1,500 ரூபாய். அதில் டீ மாஸ்டருக்கு 600, கிளாஸ் கழுவி மேஜை துடைக்கிறவருக்கு 350, இரண்டு பேருக்கும் சாப்பாடு. மிச்சம்தான் சித்தப்பா வீட்டுக்கு.

மேலே உள்ள 350-ஐயும் கொச்சியின் 300-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விஜயனும் மோகனாவும் எடுத்து வைத்ததைச் சிக்கனம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காபியைக் குறைத்தோ சினிமாவை விட்டோ வந்த காசு இல்லை அது. கடையில் நிற்க வேண்டிய மூன்றாவது ஆளின் கூலி. அந்த ஆளை வைக்கவில்லை. அவர் கழுவ வேண்டிய கிளாஸை இவர்கள் கழுவினார்கள், துடைக்க வேண்டிய மேஜையை இவர்கள் துடைத்தார்கள், சாயந்தரம் அவர் சம்பளத்தைத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டார்கள். அறுபது வயதைத் தாண்டியும் அப்படித்தான். இதில் பாதி மோகனாவின் உழைப்பு. ‘டீக்கடைக்காரர் உலகம் சுற்றினார்’ என்று ஒருமையில் போட்ட தலைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். நோட்டுப் போட்டிருந்தால் ஆளுக்கு 150 என்று இரண்டு பத்தியாகப் போட்டிருக்க வேண்டும்.

செலவைக் குறைத்து வருகிற சேமிப்புக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் குறைக்க எதுவும் இருக்காது, வீட்டில் சண்டைதான் வரும். கூலியை மிச்சம் பிடிப்பது வேறு மாதிரி. கடை திறந்திருக்கிற ஒவ்வொரு நாளும் அது தானாக வந்துகொண்டிருக்கும், மழை நாளில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதனால்தான் 300 என்று ஒரு நிலையான தொகையை அவர்களால் சொல்ல முடிந்தது. ‘மிச்சமானதை எடுத்து வைப்போம்’ என்று இருந்திருந்தால் அந்த எண்ணே கிடைத்திருக்காது.

தண்டல்

சரி, சித்தப்பாவும் ஆளை நிறுத்திவிட்டால் இஸ்ரேல் போயிருப்பாரா? ஒரு சமயம் நிறுத்தினார். கிளாஸ் கழுவுகிறவர் திருப்பூருக்குப் போய்விட்டார், அதற்குப் பிறகு நாலு வருடம் சித்தியே அந்த வேலையைப் பார்த்தாள். அந்த நாலு வருடமும் தினம் சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு பைக் வந்து கடை வாசலில் நிற்கும். இறங்க மாட்டார், என்ஜினையும் அணைக்க மாட்டார். சித்தப்பா கல்லாவைத் திறந்து மூன்று நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுவார், அவர் ஒரு சின்ன அட்டையில் கிறுக்கிவிட்டுப் போவார். தண்டல்.

தண்டல் எப்படி என்று சின்ன ஊர்க் கடைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பதாயிரம் என்று பேசிவிட்டு, முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, கையில் இருபத்தாறாயிரமோ இருபத்தேழாயிரமோ தருவார்கள். நூறு நாளைக்கு நாளொன்றுக்கு முந்நூறு கட்ட வேண்டும். முடிந்ததும் அடுத்த அட்டை. மூன்றாயிரமோ நாலாயிரமோதானே என்று தோன்றும். தினம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் சேர்த்து வருட வட்டி போட்டால் வங்கி வட்டியைப் போலப் பல மடங்கு வரும். சித்தப்பா முதல் அட்டையை வாங்கியது ஃப்ரிட்ஜுக்கு. அடுத்தது மகள் வளைகாப்புக்கு. அதற்கடுத்து எதற்கு என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

ஆக, தினம் 300 ரூபாய் தரும் சக்தி வத்தலக்குண்டுக் கடைக்கும் இருந்தது. தவறாமல் கட்டும் ஒழுக்கமும் இருந்தது. நாலு வருடத்தில் சித்தப்பா தவணை தவறிய நாட்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். காசு போன திசைதான் வேறு. கடவந்திராவிலும் நடந்தது தண்டல்தான், ஆனால் தனக்குத் தானே வைத்துக்கொண்ட தண்டல், அதுவும் வங்கி வட்டியில். இந்த வித்தியாசம் சின்னது கிடையாது. தினம் 300 வீதம் வருடத்துக்கு 1,09,500 ரூபாய். இந்தத் தொகையில் எவ்வளவு அசலுக்குப் போகிறது, எவ்வளவு வட்டிக்குப் போகிறது என்பதில்தான் பயணம் நிற்கிறது.

கடன் முதலில்

இந்த கேஸை எங்கள் அலுவலகத்தில் ஒரு மதிய சாப்பாட்டில் வைத்தபோது கடுமையாக எதிர்த்தவர் எங்கள் சீனியர். “சுற்றிப் பார்க்கக் கடன் வாங்குறவன் உருப்பட மாட்டான்” என்பது அவர் தீர்ப்பு. தேய்மானப் பொருளுக்குக்கூடக் கடன் வாங்காதே என்று வாடிக்கையாளர்களிடம் சொல்கிற மனிதர். பயணம் தேயக்கூட இல்லாத பொருள், போய்வந்ததும் காலி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் கூட்டிப் பார்த்தேன்.

மாதம் 9,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 300. பன்னிரண்டு சதவீத வட்டியில் 36 மாதத் தவணைக் கடன் என்றால் இந்தத் தவணைக்கு இன்றைக்குக் கையில் வருவது ஏறக்குறைய 2,71,000 ரூபாய். மூன்று வருடத்தில் கட்டி முடிப்பது 3,24,000. வட்டி 53,000.

அதே 9,000-ஐ மாதாமாதம் தொடர் வைப்பில் போட்டால்? ஆறரை சதவீதத்தில் மூன்று வருடம் கழித்து 3,58,000 பக்கம் வரும். ஆக, காத்திருந்தால் 87,000 ரூபாய் கூடுதல். சீனியர் ஜெயித்தார் என்றுதான் தோன்றும்.

ஆனால் டூர் விலை மூன்று வருடம் அதே இடத்தில் நிற்குமா? டிக்கெட்டும் ஓட்டலும் டாலரில் விலை போடுகிற சரக்கு. 2007-ல் டாலர் நாற்பது ரூபாய்ச் சுற்றில் இருந்தது, 2021-ல் எழுபத்து நாலு. 2007-ல் 300 ரூபாய் என்பது ஏழரை டாலர், ரஷ்யா போன வருடத்தில் அதே 300 நாலு டாலர். டூர் விலை வருடத்துக்கு எட்டு சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், இன்றைய 2,71,000 ரூபாய்ப் பயணம் மூன்று வருடத்தில் 3,41,000 ஆகிவிடும். சேமித்துப் போகிறவருக்கு லாபம் 87,000 இல்லை, 17,000. பத்து சதவீதம் ஏறினால் அதுவும் காணாமல் போய்விடும். அறுபதை ஒட்டிய தம்பதிக்கு மூன்று வருடம் முன்னதாகப் போவதன் மதிப்பு 17,000 ரூபாயைவிடக் குறைவா என்று கேட்டேன். சீனியர் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது, அது வட்டிக் கணக்கில் வராது. வீட்டில் சேர்த்து வைக்கிற காசுக்கு எதிரிகள் அதிகம். நாங்கள் அந்தமான் போவதற்கென்று மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு உண்டியல் வைத்தோம். பால் பவுடர் டப்பாவில் துளை போட்டு, மகள் கப்பல் படம் ஒட்டியிருந்தாள். ஆறாவது மாதம் போர்வெல் மோட்டார் காயில் போனது. டப்பாவின் அடியைக் கத்தியால் கிழித்தோம், கப்பல் படத்தில் கீறல் விழாமல். திரும்பவும் ஒட்டினோம். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணம். இப்போது டப்பாவில் துணி கிளிப் கிடக்கிறது. போய்வந்த பயணத்தை மோட்டார் காயிலுக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கடன் வாங்கிப் போவதில் இருக்கும் ஒரே புத்திசாலித்தனம் அதுதான்: ஆசைப்பட்டது முதலில் நடந்துவிடுகிறது. மோட்டார் காயில் வந்தால் எப்படியும் சமாளிக்கத்தான் போகிறோம்.

இதற்காக எல்லோரும் கடன் வாங்கிக் கிளம்புங்கள் என்று சொல்ல மாட்டேன். விஜயன் ஒரு நேரத்தில் ஒரு கடன்தான் வைத்துக்கொண்டார், அடைத்த பிறகே அடுத்தது. கிரெடிட் கார்டில் டூர் போட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, அதன் மேலேயே அடுத்த டூரையும் போடுகிறவர்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அதில் வட்டி வருடத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும். தண்டல்காரர் பைக்கில் வருவார், இவர்கள் குறுஞ்செய்தியில் வருவார்கள், வித்தியாசம் அவ்வளவுதான்.

26 என்ற எண்

மூன்று வருடத்துக்கு ஒரு கடன் என்றால் 2007-லிருந்து 2021 வரை நாலைந்து கடன்தான் அடங்கும். எப்படி 26 நாடு? பிரேசில், பெரு, அர்ஜென்டினா என்று பட்டியலில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். குழுவாகப் போகிற டூரில் ஒரே மூச்சில் நாலைந்து நாடு வரும். ஐரோப்பா டூர் என்றால் இன்னும் அதிகம், காலையில் ஒரு நாட்டில் இட்லி மாதிரி ஏதோ ஒன்று, ராத்திரி வேறு நாட்டில் சாம்பார் மாதிரி ஏதோ ஒன்று.

‘அதெல்லாம் ஊர் பார்த்தது ஆகுமா, முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஊரில் ஒரு மாதம் தங்க வேண்டாமா’ என்று இளம்பிள்ளைகள் கேட்பார்கள். ஆகும். ஒரு டீக்கடையை எத்தனை நாள் பூட்ட முடியும் என்று தெரிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நீளமான விமானம்தான் செலவில் பெரிய பங்கு. தென்னமெரிக்கா வரை ஒரு தடவை போகிற காசுக்கு மூன்று நாட்டைப் பார்த்துவிட்டு வருவது கஞ்சத்தனம் கிடையாது, மொத்த வியாபாரி புத்தி. விசாவிலும் அதே கதை. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் இருபத்தொன்பது நாடுகளுக்குள் போய்வரலாம். இப்போது அதன் கட்டணம் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ. தம்பதிக்கு 180, நம் காசில் பதினெட்டாயிரம் சுற்றில். தினம் 300 எடுத்து வைக்கிறவருக்கு இரண்டு மாதச் சேமிப்பு விசாவுக்கே சரி. மறுத்துவிட்டால் அதுவும் திரும்பாது. இவ்வளவு கட்டிவிட்டு ஒரே நாட்டைப் பார்த்துத் திரும்புவது வசதியானவர்கள் செய்யக்கூடியது.

குழு டூரில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் போடுகிற விலை ஒன்று, கடைசியில் கட்டுவது ஒன்று. டிப்ஸ் தனி, ‘ஆப்ஷனல்’ என்று சொல்லிக் கூட்டிப்போகும் இடங்கள் தனி, மதியச் சாப்பாடு சில நாள் தனி. 2020 அக்டோபர் 1 முதல் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு வருமான வரியை முன்பிடித்தமாகவும் வாங்குகிறார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் அது கட்ட வேண்டிய வரியில் கழியும், இல்லையென்றால் திரும்பக் கிடைக்கும், ஆனால் கிளம்பும்போது கையிலிருந்து போய்விடும். விகிதம் அவ்வப்போது மாறும்.

பாஸ்போர்ட்டும் அப்படித்தான். எங்கள் தெருக்காரர் ஒருவர் குடும்பத்தோடு கிளம்பவிருந்த வாரத்தில், அவருடைய பாஸ்போர்ட் காலாவதியாக ஐந்து மாதம்தான் பாக்கி என்று கண்டுபிடித்தார்கள். பல நாடுகள் ஆறு மாதம் கேட்கும். பணம் வாங்கிய ஏஜென்ட் அதைப் பார்க்கவே இல்லை. 1,500 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய புதுப்பித்தல், தட்கால் கட்டணம் 2,000 சேர்ந்து, தேதி மாற்றிய டிக்கெட்டும் சேர்ந்து, நாற்பதாயிரத்துக்குப் பக்கம் போனது. 300 வீதம் வகுத்தால் நாலு மாதத்துக்கு மேல்.

பூட்டிய கடை

இந்த கேஸில் எல்லோரும் விட்டுவிடுகிற செலவு ஒன்று உண்டு. போகிற நாட்களில் கடை பூட்டியிருக்கும். மாதச் சம்பளக்காரருக்கு விடுப்பிலும் சம்பளம் ஓடும், அரசு ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகைகூட உண்டு. டீக்கடைக்குப் பூட்டு விழுந்தால் வரவு பூஜ்யம், வாடகை மட்டும் ஓடும். ஆளில்லாக் கடை என்பதால் பூட்டியபோது யாருக்கும் சும்மா கூலி கொடுக்க வேண்டாம், அது ஒரு லாபம். ஆனால் பதினைந்து நாள் பூட்டினால் வாடிக்கை என்ன ஆகும்?

சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “பத்து நாள் பூட்டுனா பால்காரன் வேற கடைக்கு ஊத்திடுவான். லோடுமேன் எதுத்த கடையில உக்காந்து பழகிருவான். திரும்பி வந்து திறந்தா நானும் உங்க சித்தியும்தான் குடிக்கணும்.”

அவர் சொன்னது வத்தலக்குண்டுக்கு உண்மை. கடவந்திராவில் அது வேறு மாதிரி நடந்திருக்கிறது, காரணம் அந்தச் சுவர். ஒவ்வொரு பூட்டும் ஒரு புதுப் படத்தோடு திறந்தது. போன தடவை எங்கே போனீர்கள், அங்கே டீ என்ன விலை என்று கேட்கவே ஆட்கள் வந்திருப்பார்கள். பயணத்தால் கடை இழந்ததைப் பயணமே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. இது 2007-ல் திட்டமிட்டதாக இருக்காது. மஹிந்திரா ஆஸ்திரேலியாப் பயணச் செலவை ஏற்றதும் இந்தக் கதை பரவியதால்தான். நகல் எடுக்க நினைக்கிற இரண்டாவது டீக்கடைக்கு இந்த வரவு கிடைக்காது. அதனால் என் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை, ஓரத்தில் குறித்து மட்டும் வைத்தேன்.

ஓரத்தில் குறித்த இன்னொன்று, கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது 1999-ல். முதல் பயணத்துக்கு எட்டு வருடம் முன்னால். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெளிநாட்டு விமானம் நிற்கிற ஊரில் இருப்பதும், நீண்ட தூர விமானம் பிடிக்கத் திண்டுக்கல்லிலிருந்து பை மூட்டையோடு ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்கோ கொச்சிக்கோ போவதும் ஒன்றல்ல.

சிவப்பு மை

பாராட்டிக்கொண்டே போனால் ஆய்வு ஆகாது. ஒரு நிதி ஆலோசகர் முன்னால் இந்தக் கணக்கை வைத்தால் சிவப்பு மை தீர்ந்துவிடும். எழுபது வயதில் வருமானம் முழுக்க உடம்பு உழைப்பை நம்பி. இரண்டு பேரில் ஒருவர் படுத்தால் கடை பாதி. மூன்றாவது ஆளின் கூலியை எடுத்துத் தவணை கட்டிக்கொண்டிருக்கும்போது உடம்பு முடியாமல் அந்த ஆளை வைக்க நேர்ந்தால், அதே 300-க்கு இரண்டு பேர் கை நீட்டுவார்கள். சித்தி கிளாஸ் கழுவிய நாலாவது வருடத்தில் அவள் கையில் சேற்றுப்புண் மாதிரி வந்து, டாக்டர் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்றார். மறுபடியும் ஆள் வைத்தோம். தண்டல் அட்டை பாதியில் நின்றது, அதை அடைக்க நகையை வைத்தார்கள்.

அதனால், ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து வழிமுறை கண்டுபிடிப்பதில் எப்போதும் ஒரு ஓட்டை இருக்கும். உழைக்கிற உடம்பு இரண்டு பேருக்கும் கடைசிவரை ஒத்துழைத்ததும், இருவருக்கும் ஒரே பைத்தியம் பிடித்திருந்ததும் சேர்ந்துதான் இந்தக் கணக்கு நேரானது. இரண்டாவது இல்லையென்றால் முதலாவது இருந்தும் பயனில்லை. கழுவுகிற கிளாஸ் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

என் மூன்றாவது ஆள்

இந்த கேஸைப் பார்த்த பிறகு நான் உண்டியலைத் திரும்ப ஒட்டவில்லை. எனக்குக் கடை கிடையாது, மிச்சம் பிடிக்கக் கூலி ஆளும் கிடையாது. வீட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தால் மனைவி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள், ஏற்கெனவே குறைத்ததெல்லாம் அவள்தான். அதனால் எங்கள் பகுதியில் ஒன்பது சின்னக் கடைகளின் ஜிஎஸ்டி கணக்கை இரவில் வீட்டிலிருந்தே பார்க்க ஒத்துக்கொண்டேன், அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான். விற்பனைக் கணக்கு 11-ம் தேதிக்குள், வரி கட்டும் படிவம் 20-ம் தேதிக்குள். மாதத்தில் பதினைந்து நாள் ராத்திரி பதினோரு மணி வரை வேலை. கடைக்கு ஆயிரம் வீதம் ஒன்பதாயிரம். அந்தக் காசு வீட்டுக் கணக்கைத் தொடாமல் வேறு வங்கிக் கணக்குக்குப் போய்விடும்.

முதல் பதினான்கு மாதம் முடிந்ததும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய்வந்தோம், மூன்று பேர். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அந்தச் செலவு மிச்சம். கடன் வாங்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கு நெஞ்சு வரவில்லை என்பதைச் சீனியரிடம் ஒத்துக்கொண்டேன். இப்போது அடுத்ததற்கு எட்டாவது மாதம் ஓடுகிறது. இரண்டு கடைக்காரர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள், அது டீக்கடையில் இல்லாத தொல்லை. அங்கே கிளாஸ் கீழே வைக்கும்போதே சில்லறை வந்துவிடும்.

போன பொங்கலுக்கு வத்தலக்குண்டு போயிருந்தேன். கைபேசியில் விஜயனும் மோகனாவும் நிற்கிற படத்தை எடுத்துச் சித்தியிடம் காட்டி, முழுக் கதையையும் சொன்னேன். சித்தப்பா பாய்லருக்குப் பக்கத்தில் நின்றபடி, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். சித்தி படத்தைப் பெரிதாக்கி அந்த அம்மாவையே பார்த்தாள்.

“ஏப்பா, போன ஊர்ல இவங்களுக்கு யாரு டீ போட்டுக் குடுத்தாங்க?”

“ஓட்டல்லதான் சித்தி. காலையில மேஜைக்கே வந்துரும்.”

“கிளாஸு?”

“அதையும் அவங்களே கழுவிக்குவாங்க.”

“அப்பச் சரி” என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எப்போது போனால் டிக்கெட் விலை குறைவு என்று கேட்டாள்.